பி.டி. பீரியடைத் திருடாதீர்கள்: டீச்சர் பதில்கள்

போன இதழில், 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். எழுதியதுதான் தாமதம், ஒரு பை நிறையக் கடிதம் வந்து இறங்கிவிட்டது. பாதிக்கு மேல் அம்மாக்கள் எழுதியவை. அப்பாக்கள் எழுதியதில் முக்கால்வாசி 'எந்த குரூப் எடுக்கலாம்' ரகம். பிள்ளைகள் எழுதியவை ஏழே ஏழு, அந்த ஏழைத்தான் முதலில் பிரித்துப் படித்தேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. 32 வருஷம் அரசுப் பள்ளிகளில் அறிவியல் நடத்தியவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊரில் புதிதாக ஒரு பள்ளி வந்திருக்கிறது. 'முழுமையான கல்வி' என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். யோகா, ரோபோ, நீச்சல், குதிரையேற்றம் எல்லாம் உண்டாம். இப்போது கட்டும் ஃபீஸ் மாதிரி இரண்டு மடங்கு. மகள் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புக்கு அங்கே மாற்றலாமா டீச்சர்?
— ஓர் அம்மா, கரூர்

குதிரையைக் கண்ணால் பார்த்தீர்களா? பல பள்ளிகளின் குதிரை நோட்டீஸில் மட்டும்தான் மேயும், அதனால் கேட்கிறேன்.

அட்மிஷன் அறையில் ஏ.சி.யில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கும் வராதீர்கள். ஒரு வேலை நாளில் சாயங்காலம் நாலே கால் மணிக்கு அந்தப் பள்ளி கேட்டுக்கு வெளியே போய் நில்லுங்கள். மைதானத்தில் யார் இருக்கிறார்கள்? ஆறாம் வகுப்புப் பொடிசுகள் மட்டுமா, பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்களா? அப்புறம் உள்ளே போய் இரண்டே இரண்டைக் காட்டச் சொல்லுங்கள். முதலாவது பத்தாம் வகுப்பு டைம்டேபிள். ஒன்பதாம் வகுப்பு டைம்டேபிளில் ஓவியம், பி.டி., நூலகம் எல்லாம் அழகாகக் கட்டம் போட்டு இருக்கும், பத்தாவதில் அதெல்லாம் எங்கே போயிற்று என்று தேடுங்கள். இரண்டாவது நூலக ரிஜிஸ்டர். ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பிள்ளை கடைசியாக எந்தத் தேதியில் ஒரு கதைப் புத்தகம் எடுத்துப் போனது என்று பாருங்கள். கையோடு பெண்கள் கழிப்பறையில் குழாயைத் திறந்து பாருங்கள், தண்ணீர் வருகிறதா, குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று. மூடியில்லாத பள்ளியில் மாதத்தில் மூன்று நாள் பெண் பிள்ளைகள் லீவு போடுவார்கள். ரோபோ அந்த மூன்று நாளைத் திருப்பித் தராது.

இந்த 'முழுமை' ஒன்றும் புதிய சமாச்சாரமும் இல்லை. 1937இல் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டிலேயே, புத்தகத்தை மட்டும் கட்டிக்கொண்டு அழாமல் கைத்தொழில் வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று பேசி, ஜாகிர் உசேன் தலைமையில் குழு போட்டுப் பாடத்திட்டமே எழுதினார்கள். ஆதாரக் கல்வி என்று நம் பக்கம் அதற்குப் பெயர். உங்கள் தாத்தா பாட்டி பள்ளிக்கூடத்தில் தக்ளியில் நூல் நூற்ற கதையைச் சொல்லியிருக்கலாம், அது இதன் மிச்சம்தான். நூற்ற நூலை அளப்பதில் கணக்கு, பருத்தி எந்த மண்ணில் விளையும் என்பதில் பூகோளம் என்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போக வேண்டும் என்பது யோசனை. நடந்தது என்னவோ, பல பள்ளிகளில் தக்ளி தனிப் பீரியட், கணக்கு தனிப் பீரியட். மார்க் கிடையாது என்று தெரிந்ததும் தக்ளியை யாரும் மதிக்கவில்லை. இன்றைக்கு ரோபோ வகுப்பும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்காக.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி கூட இல்லை. 14 வயதில் தோழிகளை விட்டுப் போவது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் அவளைக் கேளுங்கள், கரூரில் அப்புறம் வெயில் குறைந்ததும் கேட்டுக்கு வெளியே போய் நிற்கலாம்.

நான் பத்தாம் வகுப்பு. காலையில் 5 மணிக்கு அப்பா எழுப்பிவிடுவார். ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். சாயங்காலம் டியூஷன். ராத்திரி 11 மணி வரை படிக்கிறேன். மூன்றாவது பீரியடில் கண் தானாக மூடிக்கொள்கிறது. சோம்பேறி என்று எல்லா சாரும் திட்டுகிறார்கள். தூக்கம் வராமல் இருக்க என்ன செய்வது?
— ஒரு மாணவன், ராசிபுரம்

தம்பி, தூங்கு.

நீ சோம்பேறி இல்லை, கணக்கு இடிக்கிறது, அவ்வளவுதான். 11 மணியிலிருந்து 5 மணி வரை 6 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை இருக்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. ஆக, தினமும் குறைந்தது 2 மணி நேரம் நீ கடன் வாங்குகிறாய், அந்தக் கடனைத்தான் உன் உடம்பு மூன்றாவது பீரியடில் வசூல் பண்ணுகிறது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. மெலடோனின் என்று ஒரு ஹார்மோன், இருட்டினதும் மூளையில் சுரந்து தூக்கத்தைக் கூட்டி வருவது அதுதான். உன் வயதில் அது சின்னப் பிள்ளைகளுக்குச் சுரப்பதை விடத் தாமதமாகச் சுரக்கும். அதனால்தான் ஒன்பது மணிக்குப் படுத்தாலும் உனக்குத் தூக்கம் வராது, ஐந்து மணிக்கு எழுப்பினால் உயிர் போகிற மாதிரி இருக்கும். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதும் தூக்கத்தில்தான் பெருமளவு நடக்கிறது.

இனி உன் அப்பாவுக்கு. ஐயா, விடியற்காலையில் படித்தால் மண்டையில் ஏறும் என்று நம் பெரியவர்கள் சொன்னது உண்மைதான், நானும் அப்படிப் படித்தவள்தான். ஆனால் அவர்கள் ராத்திரி எட்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள். அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பையனை எழுப்புகிறீர்கள். ராத்திரி பத்து மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள், காலை ஆறு மணிக்கு எழுப்புங்கள், டியூஷனில் ஒன்றைக் குறையுங்கள். பத்து நாள் செய்து பாருங்கள். மார்க் குறைந்தால் எனக்கு எழுதித் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வாரம் 2 பி.டி. பீரியட் இருக்கிறது. அரையாண்டுக்குள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. 'சார், போர்ஷன் முடிக்கணும், கொஞ்சம் குடுங்க' என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். கொடுத்தது திரும்பி வந்ததே இல்லை.
— ஓர் உடற்கல்வி ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

அந்தத் திருட்டில் எனக்கும் பங்கு உண்டு சார். பல வருஷம் உங்களைப் போன்ற ஒருவரிடம் பீரியட் பீரியடாக வாங்கித் தின்றிருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன், எந்தப் பாடத்திலும் 35ஐத் தாண்டாதவன், ஓட்டத்தில் மட்டும் புலி. ஒரு நாள் பி.டி. பீரியடில் ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தேன். அவன் ஜன்னல் வழியாக மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் சாக்பீஸை விட்டெறிந்தேன். வாரத்தில் அவன் தலை நிமிர்ந்து நடக்கும் ஒரே நாற்பது நிமிஷத்தை நான்தான் எடுத்துக்கொண்டேன் என்பது உறைக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

5 முதல் 17 வயது வரை இருப்பவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிஷம் உடம்பு வியர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 2 பீரியட் என்பதே அதில் கால் பங்குக்குக் காணாது, அதையும் கொடுத்துவிட்டால் என்ன இருக்கிறது? எங்கள் பள்ளியில் கடைசியாக வந்த தலைமையாசிரியர் ஒரு வழி வைத்தார். பீரியட் வாங்கலாம், ஆனால் அதே வாரத்தில் உங்கள் பீரியட் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இரண்டும் ஒரு நோட்டில் கையெழுத்தோடு ஏற வேண்டும். நோட்டு வந்த மாதமே 'கொஞ்சம் குடுங்க' பாதியாகிவிட்டது. நீங்களும் இனி வாயால் கொடுக்காதீர்கள், எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

பையன் பத்தாம் வகுப்பில் 446 எடுத்திருக்கிறான். பயாலஜி-மேத்ஸ் குரூப்பில் சேர் என்றால், காமர்ஸ்தான் வேண்டும், இல்லாவிட்டால் பாலிடெக்னிக் போகிறேன் என்கிறான். இவ்வளவு மார்க் எடுத்துவிட்டு இப்படிப் பேசலாமா? சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்ல?
— ஓர் அப்பா, விருதுநகர்

விருதுநகர்க்காரர் காமர்ஸை இளக்காரமாகப் பேசலாமா? வத்தலும் பருப்பும் எண்ணெயும் இன்றைக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்ள ஊரே பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவர'த்தைப் பார்க்கிறது, உங்கள் பையனும் அதைப் பார்த்து வளர்ந்தவன்தானே.

மார்க் அதிகம் எடுத்தவன் சயின்ஸ், குறைவாக எடுத்தவன் காமர்ஸ் என்பது அட்மிஷன் நாளில் வரிசை பிரிக்கப் பள்ளிகள் செய்துகொண்ட ஏற்பாடு. பையனின் மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்டராக வேண்டும் என்றால் பயாலஜி இல்லாமல் நீட் எழுத முடியாது, அந்த ஆசை அவனுக்கு இருந்தால் பேச்சு வேறு. இல்லையே! காமர்ஸ் எடுத்தால் ப்ளஸ் டூ முடித்த கையோடு சி.ஏ. முதல் நிலைத் தேர்வு எழுதலாம். பாலிடெக்னிக் என்றால் 3 வருஷ டிப்ளமோ, அது முடித்துவிட்டு நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டுமே முட்டுச்சந்து கிடையாது.

ஆனால் அவன் ஏன் கேட்கிறான் என்பதையும் பாருங்கள். காமர்ஸா, பாலிடெக்னிக்கா என்று சம்பந்தமில்லாத இரண்டைச் சொல்கிறான் என்றால், எதையோ வேண்டும் என்பதை விட எதையோ வேண்டாம் என்கிறான் போலிருக்கிறது. இயற்பியல் பயமா, அந்த வகுப்பில் யாராவது ஆகாதவர்களா, சிநேகிதன் காமர்ஸ் போகிறானா? திட்டாமல் கேட்டால் சொல்வான். லீவு இருக்கும்போதே ஒரு ஆடிட்டர் ஆபீஸிலோ மொத்த வியாபாரக் கடையிலோ பத்து நாள் உட்காரவையுங்கள், அதே மாதிரி ஒரு பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பையும் போய்ப் பார்த்து வரட்டும். பதினொன்றாவது நாள் அவன் சொல்கிற பதிலுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுங்கள். சொந்தக்காரர்களிடம், 'அவன் இஷ்டம்' என்று சொல்லுங்கள். இரண்டு கல்யாண வீட்டில் பேசுவார்கள், மூன்றாவதில் வேறு வீட்டுப் பையன் கிடைத்துவிடுவான்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கம் பாடத்தில் செடி பற்றி மட்டும் நடத்திவிட்டு, மீதியை 'வீட்ல படிச்சுக்கோங்க' என்று மிஸ் சொல்லிவிட்டார். பசங்க எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நிறைய சந்தேகம் இருக்கிறது. யாரிடம் கேட்பது?
— ஒரு மாணவி, தஞ்சாவூர் மாவட்டம்

கண்ணு, உன் மிஸ்ஸை நான் குறை சொல்லமாட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நானும் மகரந்தச் சேர்க்கையை மூன்று நாள் நடத்திவிட்டு மனிதர்கள் பகுதியைப் பதினைந்து நிமிஷத்தில், போர்டைப் பார்த்தபடியே முடித்தேன். பின்னால்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டு மேசையில் வைத்து, பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் கேள்வி போடச் சொன்னேன். முதல் வாரம் சினிமா நடிகர் பெயர், கெட்ட வார்த்தை, என் புடவையைப் பற்றி ஒரு கிண்டல். இரண்டாவது வாரத்திலிருந்து நிஜமான கேள்விகள் வந்தன. 'அந்த நாட்களில் ஊறுகாயைத் தொட்டால் கெட்டுப்போகுமா?' கெடாது, தாராளமாகத் தொடலாம். 'ஒரு மாதம் 25 நாளில் வருகிறது, ஒரு மாதம் 40 நாளாகிறது, நோயா?' உன் வயதில் 21 முதல் 45 நாள் வரை முன்னே பின்னே போவது சகஜம். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வராமல் இருந்தாலோ, வலியில் பள்ளிக்கே போக முடியாவிட்டாலோ டாக்டரிடம் போக வேண்டும்.

சிரித்த பசங்களைப் பற்றியும் சொல்கிறேன். டப்பாவில் அதிகம் பயந்து எழுதியவர்கள் அவர்கள்தான். மீசை ஒரு பக்கம் மட்டும் முளைக்கிறது, குரல் உடைந்துவிட்டது, தூக்கத்தில் விந்து வெளியேறுவதால் ரத்தம் கெட்டு நரம்பு தளர்ந்துவிடுமா என்றெல்லாம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் லேகிய டாக்டர்கள் ஒட்டிவைக்கிற போஸ்டர்தான் அவர்களுக்குப் பாடப் புத்தகம். ரத்தமும் கெடாது, நரம்பும் தளராது, வளர்கிற உடம்பில் அது இயல்பு என்று ஒரே ஒரு வாத்தியார் சொல்லிவிட்டால் போதும், வருஷக்கணக்கில் சுமக்கிற பயம் போய்விடும்.

உன் மிஸ்ஸிடம் அந்த டப்பா யோசனையைச் சொல்லிப் பார். வீட்டில் அம்மா, அத்தை, அக்கா யாரிடமாவது கேள். யாராவது உன்னிடம் தப்பாக நடந்தாலோ, தொட்டாலோ சந்தேகம் என்று வைத்துக்கொண்டிருக்காமல் 1098க்குக் கூப்பிடு, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்லதா, கெட்டதா?
— ஒரு வாசகர், சேலம்

எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ரேங்க் வாங்கித் தரும் சில தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலேயே, இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே அரைத்துக்கொண்டிருந்தன. 1200க்கு 1190 எடுத்த பிள்ளை கல்லூரியில் முதல் செமஸ்டரில் திணறும், காரணம் அடித்தளமே போடாமல் மாடி கட்டியது. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், அதே 2017-18 கல்வியாண்டில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, மொத்த மதிப்பெண் 600 ஆனது. ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்கு ப்ளஸ் ஒன் மார்க்கைச் சேர்க்க மாட்டோம் என்று அடுத்த வருஷமே சொல்லிவிட்டார்கள். அந்த மார்க் நிஜமாகவே கைகொடுத்தது 2021இல், கொரோனாவால் ப்ளஸ் டூ தேர்வு நடக்காதபோது, பத்தாவதுக்கு 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னுக்கு 20, ப்ளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று கணக்குப் போட்டார்களே, அப்போது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வையே எடுத்துவிட்டது.

என்னைக் கேட்டால் எடுத்தது சரி. 15, 16, 17 என்று மூன்று வயதிலும் வரிசையாகப் பொதுத்தேர்வு என்றால் பிள்ளைக்கு மூச்சு விட நேரமில்லை. ப்ளஸ் ஒன் ஒரு வருஷமாவது நாடகம், என்.சி.சி., என்.எஸ்.எஸ். முகாம், கொஞ்சம் ஊர் சுற்றல் என்று போகட்டும். பழையபடி புத்தகத்தைத் திறக்காமல் விடுகிற பள்ளிகளை என்ன செய்வது என்பதுதான் பயம். பெற்றோர்கள் ஆகஸ்டில் ஒரு தரம் பிள்ளையின் பையைத் திறந்து, உள்ளே இருப்பது எந்த வகுப்புப் புத்தகம் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

என் வகுப்பில் 48 பேர். முழுமையான கல்வி எல்லாம் 20 பேர் இருக்கிற வகுப்புக்குத்தான் டீச்சர். எங்களால் சிலபஸ் முடிக்கவே முடியவில்லை.
— ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

உங்கள் அலுப்பு புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 48 பேர், ஒரு நாளைக்கு ஒருவர், மதியம் பத்து நிமிஷம். 48 வேலை நாளில் எல்லோரிடமும் பேசி முடித்துவிடலாம். மார்க்கைப் பற்றிப் பேசக் கூடாது என்பது மட்டும் விதி. காலையில் என்ன சாப்பிட்டாய், வீட்டில் எங்கே உட்கார்ந்து படிக்கிறாய், லீவு நாளில் என்ன வேலை செய்கிறாய், இவ்வளவுதான் கேள்வி. நான் இப்படிக் கேட்டுத்தான், 'மந்தம்' என்று நாங்கள் முத்திரை குத்தியிருந்த ஒரு பெண்ணுக்குக் கடைசி பெஞ்சிலிருந்து போர்டே தெரியவில்லை என்று கண்டுபிடித்தோம். இன்னொருத்திக்கு ஹீமோகுளோபின் 8தான் இருந்தது, பெண் பிள்ளைகளுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. வாரா வாரம் பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தாள், வயிற்றைப் புரட்டுகிறதாம். சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டாது என்று சொல்லி, எதிரில் நானும் ஒன்றைப் போட்டுக்கொண்ட பிறகுதான் விழுங்கினாள்.

சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பதையும் மறக்காதீர்கள். ஜூன் மாதம் ப்ளஸ் ஒன் சேர்ந்த பையன் மதியம் குழாயடியில் அதிக நேரம் நின்றால், தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்புகிறானா என்று பாருங்கள்.

நான் ப்ளஸ் டூ, கோகோ டீமில் இருக்கிறேன். டிசம்பர் வரைக்கும் விளையாடலாம் என்று நினைக்கிறேன். அம்மா ஜூலையோடு நிறுத்து என்கிறார். டீச்சர், நீங்கள் சொன்னால் கேட்பார்.
— ஒரு மாணவி, திண்டுக்கல்

விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்கும், அதனால் விடுங்கள் என்று உன் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை, அது கிடைத்தால் கிடைக்கட்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து படிக்கிற பிள்ளை, மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிற பிள்ளையை விடக் குறைவாகப் படித்து நான் பார்த்ததில்லை. டிசம்பர் வரை விளையாடு. ஆனால் செய்முறைப் பதிவேட்டை அக்டோபருக்குள் எழுதி முடித்துவிடு, எல்லோரும் ஜனவரியில் உட்கார்ந்து அழுவது அதற்காகத்தான். அம்மா இந்தப் பக்கத்தைப் படிக்காவிட்டால் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துவிட்டுப் போ. மேட்ச் முடிவு என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது.